வந்தது, ஏறவில்லை

ரத்தினசாமி முதலாளி காலையில் எடுத்த முடிவு மத்தியானச் சாப்பாட்டைத் தாண்டியதாகச் சரித்திரம் இல்லை. ஆள் நல்லவர். யாரையும் ஒருமையில் அதட்டிப் பேசமாட்டார். ஆனால் சட்டைக்குப் பச்சைக் காலர் வைக்கலாம் என்று சொல்லிவிட்டு, காபி ஆறுவதற்குள் நீலம்தான் எடுப்பாக இருக்கும் என்பார். சாப்பிட்டு வந்ததும் மறுபடியும் பச்சை.

முன்பெல்லாம் இதனால் பெரிய சேதம் இல்லை. ஆபீஸ் திருப்பூர் டவுனுக்குள், ஃபேக்டரி பல்லடம் ரோட்டில் அருள்புரத்தில். போன் போட்டால் லைன் கிடைக்காது. கிடைப்பதற்குள் முதலாளியின் மனம் பழைய இடத்துக்கே திரும்பியிருக்கும்.

தொண்ணூற்றேழில் கம்ப்யூட்டர் வந்தது. ஆபீஸில் ஒன்று, அருள்புரத்தில் கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் ஒன்று. எந்த ஆர்டர், என்ன நிறம், என்ன அளவு, எதை முதலில் வெட்டுவது எல்லாம் ஆபீஸ் மெஷினில் இருக்கும். அதில் ஒரு எழுத்து மாறினாலும் போன் லைன் வழியாகப் போய் அருள்புரத்து நகலிலும் மாறிவிடும். முதலாளிக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. "இனிமே ஸ்கிரீன்ல என்ன இருக்குதோ அதைத்தான் வெட்டோணும்" என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

இரண்டு மெஷினையும் பார்த்துக்கொண்டவள் நசீமா. கோயமுத்தூரில் படித்துவிட்டு வந்த பெண். வயிற்றுக்குள் சிரிப்பு புரண்டாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது. அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் அவள் பின்னால் அத்தனையும் செய்தாள்.

சித்திரை வெயிலில் ஒருநாள் கட்டிங் மாஸ்டர் கியாசுதீன் ஆபீஸுக்கு வந்தார். சட்டையெல்லாம் பஞ்சு. காதில் செருகிய சாக்பீஸை எடுக்கக்கூட மறந்திருந்தார். முதலாளி அறையில் இல்லை என்று பார்த்துக்கொண்டு நசீமா எதிரில் உட்கார்ந்தார்.

"ஏம்மா நசீமா, உன்ற கம்ப்யூட்டரை நான் உடைச்சா என்னம்மா ஆகும்?"

"ஏனுங் பாய், என்ன பண்ணுச்சு அது?"

"காலைல வெள்ளைத் துணிய விரிச்சோம். அடுக்கி முடிக்கல, ஸ்கிரீன்ல சாம்பல் கலருன்னு வந்துருச்சு. சுருட்டிட்டு சாம்பலை விரிச்சா, மறுக்கா வெள்ளை. பசங்க என்னைப் பாத்துச் சிரிக்கறானுங்க. நான் மாஸ்டரா, கோரைப்பாய் விரிச்சுக் காட்டற கடைக்காரனா?"

நசீமா பேனாவைக் கடித்தபடி யோசித்தாள். பிறகு, "அனுப்பறதை நான் நிறுத்த முடியாதுங் பாய். ஆனா அங்க வந்து சேர்ந்ததை உடனே ஏத்த வேண்டாம்னு சொல்லி வைக்கலாம். வந்தது வரிசைல நிக்கும். நாம சொல்றப்ப உள்ள ஏறும்" என்றாள்.

"வெளிய திண்டாடிட்டு நிக்குமா?"

"நிக்குமுங்."

"எத்தனை நேரம்?"

"ஒரு நாள் வெச்சுப் பாக்கலாமுங்க."

அன்றே அருள்புரம் போய் அந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டு வந்தாள். இரண்டாம் நாள் மத்தியானம் கியாசுதீனின் போன் வந்தது. குரலில் கோபத்தைவிட அழுகைதான் அதிகம்.

"ஏம்மா, நேத்து காலைல மாத்துனது இன்னிக்குக் காலைல மாறுது. நேத்து மத்தியானம் மாத்துனது இப்ப மாறுது. அதே ஆட்டம்தான். ஒரு நாள் தள்ளி ஆடுது, அவ்வளவுதான்."

நசீமாவுக்குத் தன் தலையிலேயே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒவ்வொன்றையும் ஒரு நாள் தாமதமாக ஏற்றச் சொன்னால், முதலாளியின் தடுமாற்றமும் ஒரு நாள் தாமதமாக அப்படியே வந்துதானே தீரும்! மாற்றி எழுதினாள். பகல் முழுவதும் வருவதெல்லாம் வரிசையில் நிற்க வேண்டும். மறுநாள் காலை ஷிப்ட் தொடங்கும் முன் மொத்தமும் மளமளவென்று ஏறிவிட வேண்டும். வெள்ளை, சாம்பல், மறுபடி வெள்ளை என்று கம்ப்யூட்டர் தனக்குள் எத்தனை குட்டிக்கரணம் போட்டாலும், கட்டிங் மேசைக்காரர்கள் வரும்போது கடைசியாக நின்றது மட்டும்தான் கண்ணில் படும்.

அதன்பிறகு அருள்புரத்தில் துணி ஒரு தடவைதான் விரிந்தது.

முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. நிறத்தை மாற்றிவிட்டு உடனே ஃபேக்டரிக்குப் போன் போடுவார்.

"கியாசுதீன், வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க முதலாளி."

பொய் இல்லை. வந்திருந்தது. ஏறவில்லை, அவ்வளவுதான். நேரில் போய்ப் பார்க்க அவர் கார் சாவியை எடுத்தால், நசீமா போனை எடுப்பாள். "பாய், கார் கிளம்புது" என்று ஒரு வார்த்தை. கார் வீரபாண்டிப் பிரிவைத் தாண்டுவதற்குள், அவள் சொல்லிக்கொடுத்தபடி கியாசுதீன் வரிசை முழுவதையும் ஏற்றிவிடுவார். முதலாளி ஸ்கிரீனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "பாத்தீங்களா, சயின்ஸ்!" என்பார். கியாசுதீன், "ஆமாங்க, நெம்ப வேகமுங்க" என்பார்.

எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கவும் முடியாது. வெளிநாட்டிலிருந்து ஃபேக்ஸ் வந்து அதன்படி முதலாளி எதையாவது மாற்றினால் நசீமா அதை அப்போதே ஏற்றச் சொல்லிவிடுவாள். அவராகவே ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்து மாற்றினால் வரிசையில் விட்டுவிடுவாள். ஒரு தடவை இதில் ஏமாந்தாள். முதலாளி ஜன்னலைப் பார்த்து மாற்றியதாகத்தான் அவள் நினைத்தாள்; அவரோ வெயிலில் துணியைப் பிடித்துப் பார்த்து, சாயம் ஒத்துவரவில்லை என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்லியிருந்தார். அன்றைக்கு வெட்டியதெல்லாம் குறைச் சரக்கு விற்கும் காதர்பேட்டை செகண்ட்ஸ் கடைக்குத்தான் போனது. நசீமாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதிலிருந்து, அவர் எதையாவது மாற்றினால் பேச்சுக்கொடுத்துக் காரணத்தைக் கறந்துகொள்வாள்.

ஐப்பசியில் அந்த ஃபேக்ஸ் வந்தது. அனுப்பியவர் ஹாலந்து ஆர்டருக்கு ஏஜென்டாக இருந்த கந்தப்பன். ஆளை ரத்தினசாமிக்குப் பல வருடமாகத் தெரியும். ஃபேக்ஸிலோ, அளவு ஒன்றும் சரியில்லை, தையல் கேவலம், இப்படித் தொழில் செய்வதற்கு வேறு வேலை பார்க்கலாம் என்று இருந்தது. நசீமா பின்னறையில் டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முதலாளியின் நாற்காலி வேகமாகப் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் கீபோர்டில் டொக் டொக்கென்று ஒற்றை விரல் சத்தம்.

அவர் வாசலில் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"அம்மிணி, அந்த ஹாலந்துக்காரனை வேரோட புடுங்கிப்போட்டேன்."

"என்னங்க பண்ணுனீங்க?"

"அழிச்சுப்போட்டேன். நெசமாவே அழிக்கட்டுமான்னு கேட்டுது. ஆமாண்டான்னு அமுத்திப்போட்டேன்."

நசீமா டப்பாவை மூடிவிட்டுப் போய்ப் பார்த்தாள். ஆர்டர், அளவு, நிறம், பெட்டி விவரம், எதுவும் இல்லை. வாரக் கடைசியில் மொத்தத்தையும் டேப்பில் நகல் எடுத்து வைப்பாள். இது அதற்கப்புறம் ஏற்றிய ஆர்டர். மாதிரிச் சட்டைகளை அளந்து அவளும் கியாசுதீனும் நாள்முழுக்க உட்கார்ந்து ஏற்றியது.

"சரிங்க" என்றாள். கோபத்தில் செய்தது என்பதால், உடனே ஏற்றச் சொல்லி அருள்புரத்துக்குப் போன் போடவில்லை.

மூன்று மணிக்குமேல் கந்தப்பனே போன் செய்தார். முதலாளி ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டதால் நசீமாவுக்கும் கேட்டது.

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. அது வேற கம்பெனிக்குப் போகவேண்டிய ஃபேக்ஸுங்க. டைப் பண்ற புள்ள நம்பரை மாத்திப் போட்டுருச்சு. உங்க சட்டைய ஹாலந்துல தூக்கி வெச்சுப் பேசறாங்க. அடுத்த லாட்டும் உங்களுக்குத்தான்."

ரத்தினசாமி போனை வைத்தார். பிறகு, பள்ளிக்கூடத்தில் ஸ்லேட்டை உடைத்துவிட்ட பையனைப் போல, "அம்மிணி... அதைத் திரும்பக் கொண்டார முடியுமா?" என்று கேட்டார்.

"இங்க ஒண்ணும் இல்லீங்க."

"போச்சா?"

"அருள்புரத்துல இருக்குதுங்க."

"அங்க எப்படி இருக்கும்? இங்க அழிச்சா நிமிசத்துல அங்கயும் அழிஞ்சுரும்னு நீதான சொன்னே?"

நசீமா எழுந்து நின்றாள். "கார்ல போயிட்டே சொல்றேனுங்க. நீங்க அழிச்சதும் அங்க வந்து வரிசைல நிக்குது. நாளைக்குக் காலைல ஏறறதுக்குள்ள அதை மட்டும் உருவிப்போடணும்."

அவர் ஓட்டிய கார் பல்லடம் ரோட்டில் திரும்பியது. முன்னால் துணி மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று வழிவிடாமல் போய்க்கொண்டிருந்தது. ஹார்ன் அடிப்பதைக்கூட விட்டுவிட்டார்.

"வரிசையா? என்ன வரிசை?"

சொன்னாள். முழுவதையும் சொன்னாள். கியாசுதீன் வந்ததை மட்டும் விட்டுவிட்டு, எல்லாம் தன் யோசனை என்றாள்.

"எப்பருந்து?"

"சித்திரைலருந்துங்க."

"அப்ப நான் மாத்துனதெல்லாம்?"

"சாயங்காலம் எது நிக்குதோ அது காலைல போயிருங்க."

அவர் விரலை மடக்கி எதையோ யோசித்தார். "அந்தப் பச்சைக் காலரு?"

"போகலீங்க. மூணு மணிக்கு நீங்களே வேண்டாம்னுட்டீங்க."

"கோடு போட்டது?"

"அதுவுமுங்க."

"சட்டைக்குப் பாக்கெட் வெக்கச் சொன்னனே?"

"ரெண்டு தடவை வெச்சு ரெண்டு தடவை எடுத்தீங்க. பாய்க்குத் தெரியவே தெரியாதுங்க."

"கேட்டா வந்துருச்சுன்னானே அவன்!"

"வந்துருந்துச்சுங்க. ஏறலீங்க."

ரத்தினசாமி காரை ஓரமாக நிறுத்தினார். நசீமா, இறக்கிவிடப்போகிறார் என்று நினைத்துப் பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவர் கண்ணாடியை இறக்கி வெளியே துப்பிவிட்டு, மறுபடி வண்டியை எடுத்தார்.

அன்றைக்குப் போன் செய்து சொல்ல ஆளில்லாததால் கியாசுதீன் முதலாளியை எதிர்பார்க்கவில்லை. ஹாலந்துத் துணி மேசை நெடுக அடுக்கடுக்காக விரிந்திருந்தது. கட்டிங் மெஷின் அதன்மேல் சர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. முதலாளியைப் பார்த்ததும் கியாசுதீன் ஸ்கிரீனை முதுகால் மறைத்து நின்றார்.

"இந்த ஆர்டரை மத்தியானமே நிறுத்தியாச்சு, தெரியுமுங்களா பாய்?" என்று கேட்டார் முதலாளி.

"அப்படீங்களா?" கியாசுதீன் நசீமாவைப் பார்த்தார். அவள் முகத்தில் வழக்கம்போல ஒன்றும் இல்லை. "எங்களுக்கு ஒண்ணும் வரலீங்களே... வந்துருக்கும்... அதாவது..."

"வந்துருச்சு. ஏறல" என்றார் முதலாளி.

கியாசுதீன் கையில் இருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

நசீமா உட்கார்ந்து வரிசையைத் திறந்தாள். அன்றைய தினம் முழுவதும் அங்கே நின்றுகொண்டிருந்தது: காலையில் லேபிளைக் கழுத்தில் வைத்தது, பிறகு பக்கவாட்டில் வைத்தது, பிறகு கழுத்துக்கே திரும்பியது, கடைசியில் ஹாலந்தை அழித்தது. முதலாளி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தார். காது மடல் சிவந்தது. கண்ணாடியைக் கழற்றினார்.

அவள் கடைசி வரியை மட்டும் உருவினாள். பிறகு ஹாலந்து ஆர்டரை அங்கிருந்து எடுத்து ஆபீஸுக்குத் திருப்பி அனுப்பினாள். போன் லைனில் அது மெதுவாகத்தான் போனது. அதுவரை முதலாளி துணி மூட்டைமேல் உட்கார்ந்து டீ குடித்தார். கியாசுதீன் தானே டம்ளரை எடுத்துவந்து நீட்டினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

எல்லாம் முடிந்ததும் முதலாளி எழுந்தார். "அந்த ஏற்பாட்டை எடுத்துப்போடு. இது என்ற கம்பெனி. நான் சொன்னா அந்த நிமிசமே நடக்கோணும்."

"இப்பவேங்களா?"

"இப்பவே."

நசீமா கீபோர்டில் கை வைத்தாள். கியாசுதீன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். விரித்த துணியின் ஓரத்தைப் பிடித்திருந்த பையன்கள்கூட அசையாமல் நின்றார்கள்.

"செத்த இரு" என்றார் முதலாளி. மேசையில் அடுக்கியிருந்த துணியை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார். "காலைல பாத்துக்கலாம்."

காலையில் அவர் அதைப்பற்றிப் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் கந்தப்பன் இனிப்புப் பெட்டியோடு ஆபீஸுக்கு வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்டு முடித்ததும் மெதுவாகத் தொடங்கினார். "அண்ணா, ஒரு சின்ன மாத்தமுங்க. அந்த மெரூன் இருக்குதுல்லங்க, அதைக் கொஞ்சம் செங்கல் கலர் பக்கம் கொண்டுபோனா எடுப்பா இருக்கும்னு எனக்குப் படுது."

"ஹாலந்துக்காரர் கேட்டாருங்களா?"

"இல்லீங்க. நானா யோசிச்சேன்."

ரத்தினசாமி பணிவாகத் தலையாட்டினார். பிறகு, நசீமா பக்கம் திரும்பிக் கவலையான குரலில் கேட்டார்.

"ஏன் அம்மிணி, இப்ப இங்க மாத்துனா அருள்புரத்துல ஏறறதுக்கு எவ்வளவு நேரமாகும்?"

நசீமா ஸ்கிரீனைப் பார்த்தாள். எதையோ கணக்கிடுவதுபோலப் புருவத்தைச் சுருக்கினாள்.

"லைன் இப்ப இருக்கற நெலமைக்கு, நாளைக்குக் காலைல ஆயிருமுங்க."

"பாத்தீங்களா கந்தப்பன், என்ன பண்றது?" என்று முதலாளி கையை விரித்தார். "நம்மளும் மாத்தித்தான் வெக்கறோம். நீங்க ஊட்டுக்குப் போயி, சாப்பிட்டு, நல்லாத் தூங்கி எந்திரிங்க. காலைல போன் பண்ணுங்க. அதுக்கப்புறமும் செங்கல்தான்னா, செங்கல்."

கந்தப்பன் சரி என்று கிளம்பினார். படி இறங்கும்போது திரும்பி, மெரூனே நன்றாகத்தான் இருக்கிறதோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். முதலாளி இனிப்புப் பெட்டியைப் பிரித்து, முதல் துண்டை நசீமாவிடம் நீட்டினார்.