ககன் கார் சிதம்பரம் போன கதை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சுப்பராயலு எலெக்ட்ரானிக்ஸுக்கு வந்து டி.வி. வாங்குகிறவர்கள் எந்தக் கம்பெனி என்று பார்ப்பதில்லை. "நீங்க எதச் சொல்றீங்க?" என்று கேட்பார்கள். சுப்பராயலு விரலை நீட்டுவார். அவர் காட்டியதைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த விரல் முப்பது வருடமாக ஒரே கம்பெனியின் பக்கம்தான் நீண்டிருந்தது: டெக்ரானா. கடையில் டி.வி. விற்றாலும் மிக்ஸி விற்றாலும், உண்மையில் விற்றது அவருடைய வாக்குதான். இது அவருக்கும் தெரியும். கம்பெனிக்கு அவரை விட நன்றாகத் தெரியும்.

அப்பேர்ப்பட்ட டெக்ரானா, எலெக்ட்ரிக் கார் செய்யப்போவதாக அறிவித்தது. புதுச்சேரியில் ஒரு பெரிய ஓட்டலில் டீலர்கள் கூட்டம். மேடையில் புகை கிளம்பியது. தீ விபத்தோ என்று இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். புகைக்குள்ளிருந்து கறுப்பு பனியன் போட்ட தலைவர் வெளிப்பட்டு, இப்படியும் அப்படியும் நடந்துகொண்டே, "கார் என்பது என்ன? சக்கரம் வைத்த ஒரு திரை!" என்றார். கைதட்டல். "மோட்டாரா? மிக்ஸியில் நாம் செய்யாத மோட்டாரா? பேட்டரியா? போனில் நாம் வைக்காத பேட்டரியா?" இன்னும் பெரிய கைதட்டல். கேட்கக் கேட்க, டெக்ரானா ஆதியிலிருந்தே கார்தான் செய்துவந்தது, என்ன, இத்தனை நாளும் தனித்தனிப் பெட்டியில் போட்டு விற்றுவிட்டது என்றே தோன்றியது. காருக்கு ககன் என்று பெயர் வைத்திருந்தார்கள். சுப்பராயலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த விழுப்புரத்து டீலரை அவர் அன்றே மனதிலிருந்து நீக்கினார்.

ககனை நம்பாத ஆள் அவர் குடும்பத்திலேயே ஒருவர் இருந்தார். அவர் மனைவி சௌந்தரத்தின் அண்ணன் சடையப்பன். சிதம்பரத்தில் லாரி ஷெட் வைத்திருப்பவர்.

"மிக்ஸி கம்பெனி கார்ல ஏறுனா சட்னியாத்தான் எறங்கணும் மாப்ள."

"சிரி மச்சான், நல்லா சிரி. வினோதினி கல்யாணத்துக்கு மாப்ள அழைப்பு ககன்லதான். நான் சொல்றேன்."

"எனக்கு ஒரே பொண்ணு. வெளையாடாத."

"நான் சொல்லி எது மச்சான் பொய்யாப் போயிருக்கு?"

சடையப்பன் யோசித்துப் பார்த்தார். வீட்டிலிருந்த ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாமே சுப்பராயலு விரல் காட்டியவை. எல்லாமே ஓடிக்கொண்டிருந்தன. ஊர்வலத்துக்குப் பேசி வைத்திருந்த சாரட்டு வண்டியை அன்று சாயங்காலமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கடையின் முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றி, படிகளை இடித்துச் சாய்தளம் போட்டு, வாஷிங் மெஷின்களை மாடிக்கு அனுப்பிய பிறகு ககன் வந்து சேர்ந்தது. கம்பெனி ஆட்கள் மணப்பெண்ணை அழைத்துவருவது போலப் பக்குவமாக உருட்டி வந்து மேடையில் ஏற்றினார்கள். கீழே ஒரு ஒயரைச் சொருகினார்கள். சுப்பராயலு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தார். எதிரே ஒரு முழம் நீளத்துக்குத் திரை. அருவி கொட்டியது, மயில் ஆடியது, பாட்டு நாலா பக்கமும் கேட்டது. கலர் பார்த்தார், சத்தம் பார்த்தார், பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்தும் படம் தெரிகிறதா என்று பார்த்தார். அப்பழுக்கில்லை. ஓடுமா என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் விற்ற எந்தப் பொருளும் இடத்தை விட்டு நகர்ந்ததில்லை. நகர்ந்தால் ரிப்பேர் என்று மெக்கானிக்கை அனுப்பித்தான் பழக்கம்.

"லாஞ்ச் வரைக்கும் ரோட்ல எறக்க வேணாம் சார். பாலிசி," என்றார் ராஜ்கமல். கம்பெனியின் ஏரியா மேனேஜர். டையும் புன்னகையும் ஒரே நீளம்.

"மச்சான் பொண்ணு மாப்ள அழைப்புக்கு மட்டும் வேணுமே தம்பி. நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"உங்களுக்கு இல்லாததா சார்? நம்ம லாரியிலயே ஏத்தி அனுப்புறேன். நல்ல விசிபிலிட்டி சார்!"

அப்படித்தான் ககன், பரங்கிப்பேட்டை பிரிவு ரோடெல்லாம் தாண்டி, லாரி முதுகில் உட்கார்ந்து சிதம்பரம் போய்ச் சேர்ந்தது.

தெற்கு வீதிப் பிள்ளையார் கோயில் வாசலில் சாயங்காலம் காரை இறக்கி ரோஜாவும் சம்பங்கியும் கட்டினார்கள். பெண்ணாடத்திலிருந்து வந்த மாப்பிள்ளை, சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறவர், கோட்டு சூட்டோடு ஏறி உட்கார்ந்தார். நாயனக்காரர் சீவாளியை ஈரம் பண்ணிக்கொண்டு காத்திருந்தார். சுப்பராயலுவின் கடை வண்டியை ஓட்டும் கொளஞ்சி, ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பட்டனை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அமுக்கினார். அருவியும் இல்லை, மயிலும் இல்லை. திரையில் கொளஞ்சியின் முகம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

சுப்பராயலு சற்றுத் தள்ளி, தேங்காய்க் கடை மறைவுக்குப் போய் ராஜ்கமலுக்குப் போன் போட்டார்.

"ஸ்டார்ட் ஆவலயே தம்பி, என்னா பண்ணணும்?"

"ஆவாது சார். அது டம்மி பீஸ்."

"என்னாது?"

"டம்மி சார். போன் கடையில கண்ணாடிக்குள்ள வெப்போமே, உள்ள ஒண்ணும் இருக்காதே, அந்த மாதிரி. உங்க கடையிலயே ஒரு வரிசை இருக்கே சார்."

"மோட்டாரு?"

"டிஸ்ப்ளேக்கு எதுக்கு சார் மோட்டார்?"

சுப்பராயலு அங்கிருந்த தேங்காய் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "மாப்ள அழைப்புக்குன்னு உன்கிட்ட சொன்னனா இல்லியாய்யா?"

"சொன்னீங்க சார். முடியாதுன்னா நீங்க வருத்தப்படுவீங்க. இத்தன வருஷ ரிலேஷன்ஷிப் சார்."

போனை வைத்தார். முப்பது வருடம் அவர் விரலை நீட்டியபோதெல்லாம் ஜனங்கள் அவரை நம்பினார்கள். அவர் கம்பெனியை நம்பினார். கம்பெனி, அவர் வருத்தப்படக்கூடாது என்பதற்காக ஒரு தகர டப்பாவில் அவர் வீட்டு மாப்பிள்ளையை உட்காரவைத்திருந்தது.

சடையப்பன் வேட்டியை மடித்துக்கொண்டு வந்தார். "என்னா மாப்ள, பொண்ணு வூட்டுக்காரன் மானம் போவுது. ஏன் நிக்குது?"

உண்மை வாய் வரைக்கும் வந்தது. பின்னால் பெண்ணாடத்துச் சம்பந்திகள் வரிசையாக நின்றார்கள். சுப்பராயலு அதை விழுங்கிவிட்டு வேறொன்றைத் துப்பினார்.

"சென்சார் மச்சான். சுத்தி ஆளு இருந்தா நகராது. அவ்ளோ சேஃப்டி. கூட்டத்துல தள்ளிக்கிட்டுத்தான் போவணும்னு கம்பெனி ரூல்."

சடையப்பன் ககனைப் பார்த்தார். சுப்பராயலுவைப் பார்த்தார். காரின் பின்னால் போய்க் கையை வைத்தார். கூடவே அவருடைய மைத்துனர் ஒருவர், ஷெட்டு ஆள் ஒருவர், கடைசியாக சுப்பராயலு. மோட்டாரும் பேட்டரியும் இல்லாததால் தள்ளுவதற்கு லேசாகத்தான் இருந்தது. ககனின் அந்த ஒரு சிறப்பைச் சொல்லாமல் விடக்கூடாது. மாப்பிள்ளை அழைப்பு எப்படியும் நடைவேகம்தான். கொளஞ்சி கலெக்டர் கார் ஓட்டுகிற முகத்தோடு வீதி முனையில் திருப்பினார். மாடி வீடுகளிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"பாத்தியா, சத்தமே இல்ல! புகையும் இல்ல!"

"எலெக்ட்ரிக்னா எலெக்ட்ரிக்தாம்பா!"

அந்த வார்த்தை ஒவ்வொன்றும் சுப்பராயலுவின் குனிந்த முதுகில் வந்து விழுந்தது. சௌந்தரம் தாம்பாளத்தோடு பின்னால் நடந்துகொண்டே, ஒரு கையால் எல்லாவற்றையும் போனில் பிடித்தாள்.

மண்டப வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். சடையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"நான் லாரிக்காரன் மாப்ள. கைய வெச்சதுமே தெரிஞ்சிபோச்சு, உள்ள ஒண்ணுமில்லன்னு. கம்பெனி உன்ன ஏமாத்திட்டான், சரி. என்கிட்ட கூடவா சென்சாருன்ற?"

பதிலுக்குக் காத்திருக்காமல் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். மறுநாள் முகூர்த்தம் முடிந்து கிளம்பும் வரை சுப்பராயலுவிடம் அவர் பேசவில்லை.

கடலூர் திரும்பி, மேடையில் ககனை ஏற்றி ஒயரைச் சொருகுவதற்குள் கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கல்யாண வீட்டில் யாரோ முன்பக்கமாக நின்று எடுத்த வீடியோவைக் கம்பெனி நெட்டில் எடுத்துப் போட்டிருந்தது. "சிதம்பரம் வீதிகளில் மௌனப் புரட்சி! எங்கள் கடலூர் டீலர் திரு. சுப்பராயலு அவர்களுக்கு நன்றி!" ராஜ்கமல் ஸ்வீட் பாக்ஸோடு வந்து நின்றார்.

சுப்பராயலு அவரை ஓரமாக இழுத்துப்போனார். "ஓடுற வண்டி எங்கதான்யா இருக்கு? சென்னையிலயா?"

"அங்கயும் டிஸ்ப்ளே பீஸ்தான் சார்."

"ஃபேக்டரியில?"

"ஃபேக்டரிக்கு இன்னும் எடம் பாத்துக்கிட்டிருக்காங்க சார்." ராஜ்கமல் குரலைத் தாழ்த்தினார். அதில் மெய்யான மரியாதை இருந்தது. "உண்மையச் சொல்லணும்னா, இந்தியாவுலயே ரோட்ல ஓடுன ஒரே ககன் உங்களோடதுதான் சார்."

அதற்குள் அறிவுமதி டீச்சர் முன்னால் வந்துவிட்டார். ரிட்டையர் ஆனவர். சுப்பராயலுவின் முதல் கலர் டி.வி.யை வாங்கியவர்.

"பையனுக்கு ஒண்ணு புக் பண்ணலாம்னு வந்தேன். எனக்குக் காரைப் பத்தி என்னா தெரியும்? நீங்க சொன்னா சரி."

ராஜ்கமல் பேனாவை எடுத்து நீட்டினார். கூட்டம் முழுக்க சுப்பராயலுவின் விரலைப் பார்த்தது. அது எழும்பவில்லை. கல்லாப் பக்கம் நின்ற மனைவியிடம் திரும்பினார்.

"சௌந்தரம், உன் போனக் குடு."

சுவரிலிருந்த பெரிய டி.வி.யில் ஊர்வலத்தில் அவள் பிடித்த வீடியோவை ஏற்றினார். பின்பக்கத்திலிருந்து எடுத்தது. சம்பங்கி மாலை தொங்கும் ககன். அதன் முதுகில் கைவைத்துத் தள்ளும் நான்கு பேர். ராஜ்கமல், "சார், சார், ரிமோட்டக் குடுங்க சார்," என்று கையை நீட்டினார். சுப்பராயலு ரிமோட்டை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

டெக்ரானா டி.வி. என்றால் டி.வி.தான். சடையப்பன் கழுத்தில் வழிந்த வியர்வை கூடத் துல்லியமாகத் தெரிந்தது. கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர் சிரித்தார். பிறகு கடையே சிரித்தது. சிரிக்காதவர் டீச்சர் மட்டும்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார்.

"இந்தக் கடைசி ஆளு, வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டுத் தள்றது, நீங்களா?"

"நான்தான் டீச்சர்," என்றார் சுப்பராயலு. "வாங்காதீங்க."