வேலம்பாளையத்துக் குடோனில் வளர்ந்த பனியன்கள்

வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி நடத்தும் கைருன்னிசாவின் வாடகைக் குடோனில் அடுக்கியிருந்த குழந்தைப் பனியன்கள் ஆண்டுதோறும் வளர்ந்தன. கடலுக்கு அப்பால் ஒரு நகரத்து மழலையர் பள்ளிகளுக்காகத் தைத்தவை அவை. பெட்டி கட்டி அனுப்பிய வாரம் அங்கே போர் மூண்டது. அங்குள்ள துறைமுகம் மூடப்பட்டு, தூத்துக்குடி வரை போன சரக்கு திரும்பி வந்தது. முதல் வருடம் பெட்டிகள் பிதுங்கியபோது யாரும் வியக்கவில்லை. பின்னல் துணியை வெட்டுமுன் விரித்து ஆறப்போட வேண்டும். இல்லாவிட்டால் அளவு மாறும். அவசரத்தில் ஆறப்போடாமல் வெட்டிவிட்டார் என்று கட்டிங் மாஸ்டர் ஆறுச்சாமி மேல் பழி விழுந்தது. அவர் கோபித்துக்கொண்டு சாமளாபுரத்துக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் கழுத்துப்பட்டி, கை, தையல் எல்லாமே சேர்ந்து வளர்ந்திருந்தன. ஆறாத துணி அளவு மாறலாம், தையல் நூல் முளைக்காது. ஆறுச்சாமியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார்கள்.

எல்லாப் பனியனும் ஒரே மாதிரி வளரவில்லை. ஒரே வகுப்புப் பிள்ளைகளைப் போலச் சில நெடுநெடுவென்று, சில மெதுவாக. சில தைத்த அளவிலேயே நின்றன. தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் வேலாத்தாள் நின்றவற்றைத் தனி அலமாரியில் எடுத்துவைத்தாள். காலையில் கைருன்னிசா அதன் முன் கையேந்தி துவா கேட்பார். துணிக்குப் பக்கத்தில் சூடம் கொளுத்தக் கூடாது என்பதால் வேலாத்தாள் வெறுமனே கும்பிடுவாள்.

மூன்றாம் வருடம் யாரோ இந்தக் குடோனைப் படமெடுத்து வீடியோவாகச் சுற்றவிட்டார்கள். 'யாருக்காக இந்தப் பதுக்கல்?' என்று அதில் ஒரு குரல் கேட்டது. குடோனின் சொந்தக்காரர் மாரப்பன் பயந்துபோய், வெள்ளிக்கிழமை சாவி வேண்டும் என்றார். காலி செய்தால் பனியன்களுக்குப் போக்கிடம் இல்லை. மெஷின் துடைக்கும் துணியாக வெட்டி எடுத்துக்கொள்கிறேன் என்று வேஸ்ட் வியாபாரி சொல்லியிருந்தார். இங்கே வெட்டினால் அங்கே அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் துணிச்சலும் இல்லை.

மாலைப் பத்திரிகையிலிருந்து நிருபர் தேவிப்பிரியா வந்தாள். "அந்தம்மாவுக்கு அந்த நாட்டுல யாரு இருக்காங்கன்னு கேளு கண்ணு, அதான் செய்தி" என்று ஆசிரியர் தங்கதுரை சொல்லி அனுப்பியிருந்தார். அவளுக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் கேட்டாள்.

"எங்கூரு பல்லடமுங்க. அந்த ஊரு மேப்புல எந்தப் பக்கம்னே ஆர்டர் வந்த பொறவுதானுங்க பாத்தேன்" என்றார் கைருன்னிசா.

"போன மாசம் ஜெர்மனிக்கு அனுப்புனமே, அங்க எனக்கு மாமனா மச்சானா?" என்றாள் வேலாத்தாள்.

தேவிப்பிரியா தானே டேப் பிடித்து அளந்தாள். தன் மேல் நம்பிக்கை இல்லாமல் மறுபடி அளந்தாள். கையில் இருந்தபோதே ஒரு பனியனின் விளிம்பு, தூங்கும் பிள்ளையின் வயிறு எழுவது போல மெல்ல நகர்ந்து டேப்பின் கோட்டைத் தாண்டியது. அவள் அந்த அளவைக் குறித்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து எழுதி, எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டினாள். 'இறந்துபோன குழந்தைகளின் பனியன்கள் வளரவில்லை' என்ற வரியில் கைருன்னிசா நிறுத்தினார்.

"செத்துட்டாங்கன்னு யாருங்க சொன்னது? பட்டினி கெடந்தாலும் புள்ள வளராதுங்களே."

தேவிப்பிரியாவுக்கு முகம் சுட்டது. அந்த வரியை அடித்துவிட்டு, 'சில நின்றிருக்கின்றன. காரணம் தெரியவில்லை' என்று எழுதினாள். கைருன்னிசாவைப் பற்றி, வேறெந்தக் கம்பெனி முதலாளியைப் பற்றியும் எழுதுவது போலவே ஊரையும் தொழிலையும் மட்டும் எழுதினாள். "காரமே இல்லையே கண்ணு" என்று தங்கதுரை அலுத்துக்கொண்டார்; இடம் காலியாக இருந்ததால் தினசரி நூல் விலைப் பட்டியலுக்குக் கீழே போட்டார்.

வெள்ளிக்கிழமை மாரப்பன் வந்தார். சட்டைப் பையில் மடித்துவைத்த பத்திரிகை இருந்தது. "காரணம் தெரியலைன்னு எழுதறதெல்லாம் ஒரு செய்திங்களா?" என்றபடி தனி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து விரித்தார். இளவயதில் கட்டிங் டேபிளில் நின்றவர் அவர், கை மறக்கவில்லை. டேப்பை வைத்தார். எடுத்து மறுபடி வைத்தார்.

"ஏனுங்க, இது தச்ச அளவுக்கு மேல அரை இஞ்ச் கூடுதலா இருக்குதுங்க."

அடுத்த கூடத்தில் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. வேலாத்தாள் ஓடிவந்து அளந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கைருன்னிசா அந்தப் பனியனைத் தொடவே இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். மாரப்பன் அதை மெதுவாக மடித்து, தனி அலமாரியில் வைக்காமல், வளர்கிற பனியன்களோடு வைத்தார்.

"இன்னும் பெருசாகுமில்லீங்க. இந்த ஷெல்ஃப் பத்தாது. நாளைக்கு ஆசாரிய அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு, சாவியை வாங்காமல் போனார்.

அதிலிருந்து வருடம் ஒருமுறை நூல் விலைக்குக் கீழே பனியன்களின் அளவும் வருகிறது. ஊரில் பலர் அதைப் படித்துவிட்டுத்தான் மேலே உள்ள நூல் விலைக்குப் போகிறார்கள்.