ஊர்க்காரர் இருவர்

நூறாம் நாள் காலையில்தான் வாகிமானும் அவர் மனைவி சுமியேமும் மலையிலிருந்து இறங்கி வந்து மகன் பிராஸின் கல்லறையை முதல்முறையாகப் பார்த்தார்கள். அது மருமகளுடைய ஊர் இடுகாடு. மழையில் பைக் சறுக்கி இறந்தவனை அன்று மாலையே அங்கே அடக்கம் செய்துவிட்டார்கள். சேதி வந்தும் வாகிமான் கிளம்பவில்லை. அவரை மீறிச் சுமியேமும் கிளம்பவில்லை. மருமகள் இப்போது செமாராங்கில் ஒரு தையல் ஆலையில் இருக்கிறாள். கல்லறையருகே பேச ஆளில்லை. பூவைத் தூவிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்கள்.

"வந்தது வந்தாச்சு. அவன் வேலை பாத்த எடத்தையும் பாத்துட்டுப் போவோம்" என்றார் வாகிமான்.

சுமியேம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். நாலு வருடமாக மகனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவன் வேலை பார்த்த போரோபுதூர் புத்தர் கோயில் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. நாங்கள் பௌத்தர்கள், ஒவ்வொரு வெசாக் பௌர்ணமிக்கும் லாரி பிடித்து வந்து, கீழே ஈரப் புல்லில் உட்கார்ந்து ஓதிவிட்டுப் போவோம். அன்று அவர்கள் இருவரும் வெளியூர்ப் பயணிகள் மாதிரி சீட்டு வாங்கி, வாசலில் கொடுத்த தாழையோலைச் செருப்பை மாட்டிக்கொண்டு, ஜகார்த்தாக் குடும்பம் ஒன்றின் பின்னால் படியேறினார்கள். வாகிமானுக்கு முழங்கால் வலி. நான்காம் சுற்றுக்கு வருவதற்குள் கூட்டம் முன்னால் போய்விட்டது.

அங்கே சீருடை போட்ட ஒருவன் குத்துக்காலிட்டு, கல்லிடுக்கில் எதையோ மூங்கில் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். சட்டையில் தர்யாந்தோ என்று பெயர் இருந்தது.

"தம்பி, பிராஸ்னு ஒருத்தன் இங்க இருந்தானே" என்றார் வாகிமான்.

தர்யாந்தோ எழுந்தான். "அவன் ஊர்ப் பக்கமா நீங்க? பேச்சுலயே தெரியுது. என்ன உறவு?"

வாகிமான் வாயைத் திறப்பதற்குள், பெரியவர்களை அழைக்கும் "பாக்" போட்டு அவனே தொடர்ந்தான். "பாவம் பாக், அப்பா இல்லாத பையன். கல்யாணத்துக்கு முன்னாடியே அப்பா தவறிட்டாராம். ஏதாவது கேட்டா, செத்துட்டார்ப்பா, விடுன்னுருவான்."

வாகிமான் சுவரைப் பார்த்தார். தான் விரும்பிய பெண்ணின் மதத்தில் சேர்ந்து அவளைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக வந்து சொன்ன பிள்ளையிடம், "அப்பன் செத்துட்டான்னு நெனச்சுக்க" என்று சொன்னது அவர்தான். அவன் மறுபேச்சுப் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போனான்.

"நாங்க உறவு இல்ல தம்பி, ஊர்க்காரங்க. பக்கத்து வீடு" என்றாள் சுமியேம்.

"அப்படியாம்மா. அவங்கம்மா எப்படி இருக்காங்க? சனிக்கிழமை ரெண்டு மணி ஆனா அவன இந்தப் பக்கம் பாக்க முடியாது. அந்தப் புளியமரத்தடிக்குப் போனும் கையுமா ஓடிருவான். பால்குடி மறக்காதவன்னு நாங்க கேலி பண்ணுவோம்."

வாகிமான் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். அவள் தரையைப் பார்த்தபடி, "இருக்காங்க. நடமாட்டம் இருக்கு" என்றாள்.

தர்யாந்தோ கல்லிடுக்கைக் காட்டினான். "ஒட்டுன சூயிங்கத்தக் கல்லு நோகாம எடுக்கறதுல அவன மிஞ்ச ஆளில்ல. இந்த வரிசை முழுக்க அவன் பாத்ததுதான்."

சிற்பத்தில் ஒரு பெண் குடத்தோடு நின்றிருந்தாள். வாகிமான் கையை நீட்டினார்.

"தொடக் கூடாது பாக்" என்றான் தர்யாந்தோ, மரியாதையாக.

வாகிமான் கையை இழுத்துக்கொண்டார். அதற்கு மேல் ஏறவில்லை.

கீழே வந்து நிழலில் உட்கார்ந்ததும் சுமியேம் வேகவைத்த மரவள்ளியை எடுத்து வைத்தாள். இருவரும் தொடவில்லை.

"கடைக்காரி போன்ல பேசுவேன்" என்றாள் அவளாகவே. "சனிக்கிழமை எண்ணெய் வாங்கப் போவேன்ல, அப்ப. திட்டணும்னா திட்டிருங்க."

"திட்டி என்ன ஆகப்போகுது." பிறகு, "ஏன் பக்கத்து வீடுன்னு சொன்ன?" என்றார்.

"புள்ள பொய் சொன்னான்னு அந்தப் பையன் நெனைக்கணுமா? எல்லாம் முடிஞ்சப்புறம்?"

அவர் செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். தட்டி முடித்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னைப் பத்திக் கேட்டானா?"

சுமியேமுக்குப் பொய் சொல்லத் தோன்றியது. ஒரு தரம் சொன்னது போதும் என்று நினைத்தாளோ என்னவோ.

"கேக்கல, பாக்னே."

எங்கள் பக்கம் மனைவி கணவனை அப்படித்தான் கூப்பிடுவாள். பிள்ளையின் அப்பா என்று அர்த்தம்.

"நானாத்தான் சொல்லுவேன். கூரைலேருந்து நீங்க விழுந்தது, கண்ணுக்கு மருந்து போடச் சொன்னா கேக்காதது, எல்லாம். அப்ப மட்டும் பதிலே பேச மாட்டான். ஆனா போன வைக்க மாட்டான். நான் முடிக்கிற வரைக்கும் மூச்சு கேட்டுக்கிட்டே இருக்கும்."

வாகிமான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று தெரியாதபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். சுமியேம் அவர் முதுகில் கை வைக்கவில்லை. வைத்தால் தானும் உடைந்துவிடுவோம் என்று பயந்ததாக என்னிடம் பிறகு சொன்னாள்.

ஊருக்குப் போகிற தெமாங்குங் பஸ் வந்து ஒலி எழுப்பிவிட்டுப் போயிற்று.

"மொத சனிக்கிழமைலேருந்து சொல்லு" என்றார் அவர், துண்டுக்குள்ளிருந்தே.

அவள் சொல்லத் தொடங்கினாள். பாதி வாரங்கள் நினைவில் இல்லை.