இன்னும் ஆறு சுற்று

கணவரின் சட்டைக் காலரை நேராக்கிக்கொண்டே அவள் வாசலைப் பார்த்தாள். தெருவே திரண்டு வந்திருந்தது. சோடியத்தில் பேட்டரி செய்யக் கிளம்பியவருக்கு ‘உப்புக்காரர்’ என்று பட்டம் கட்டிச் சிரித்தவர்கள்தான் விடிந்ததிலிருந்து ஓடியாடி வேலை செய்தார்கள். அவர்களை நினைக்க அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. பத்தொன்பது வருஷம் அவர் உழைத்த ஆய்வகத்திலிருந்துதான் ஓர் ஈ காக்கைகூட வரவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பதினொரு மணிக்கு லேப் உதவியாளர் மட்டும் வந்தார், நரைத்த தலையும் கசங்கிய கோட்டுமாக.

“மத்தவங்களுக்கு வழி தெரியலையா, தம்பி?” என்றாள்.

“நேத்து காத்துல அங்கயும் கரண்ட் போயிடுச்சு, அக்கா. ஜெனரேட்டரும் மக்கர். சாரோட பேட்டரி சோதனையில ஓடிட்டிருக்கு. அவங்கவங்க வீட்டு இன்வெர்ட்டரைத் தூக்கிட்டு வந்து, மாத்தி மாத்திக் குடுத்துட்டிருக்காங்க.”

அந்தச் சோதனை அவளுக்குத் தெரியும். அவர் கரித்தூள் பூசிச் செய்த மின்முனையைத்தான் அந்தப் பேட்டரியில் சோதிக்கிறார்கள். பத்து நிமிஷத்தில் சார்ஜ் ஏற வேண்டும். ஐயாயிரம் தடவை ஏறி இறங்கினாலும் பூச்சு உதிரக் கூடாது. நடுவில் நின்றால் மறுபடி ஒன்றிலிருந்துதான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை ஆச்சு?”

“இன்னும் ஆறு சுற்றுதான். ஏறி இறங்க ரெண்டு மணி நேரம். கையில ஒரு இன்வெர்ட்டர்தான் மிச்சம், அது ஒரு மணி நேரம் தாங்கும்.” கூடத்தில் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இவர்களைப் போய் மனசுக்குள் திட்டினோமே என்றிருந்தது.

“நீங்கல்லாம் நல்லா இருக்கணும், தம்பி. நம்ம வீட்டு இன்வெர்ட்டர் மாடிப்படிக்குக் கீழ இருக்கு. கழட்டிக்கோங்க.”

“சார் படுத்திருக்காரு. புழுக்கமா இருக்குமே, அக்கா.”

“அவர் எழுந்து நடமாடிட்டிருந்தா இந்நேரம் தோள்ல போட்டுக்கிட்டு ஓடியிருப்பாரு. எடுங்க.”

“சாவு வீட்டுல இதென்ன கூத்து” என்று நாத்தனார் முணுமுணுத்தாள்.

மின்விசிறி வேகம் குறைந்து நின்றது. வெளியே ஆட்டோ கிளம்பியது. அவள் செய்தித்தாளை மடித்து, அவர் முகத்துக்கு விசிறத் தொடங்கினாள்.

சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “கை வலிக்கும். கொஞ்சம் எங்கிட்டக் குடு” என்றாள்.

அவள் கொடுக்கவில்லை.