விளக்குக்கு மூன்று திரை

கலங்கரை விளக்குக்குத் திரை தைத்தோம் என்றால் யாரும் நம்புவதில்லை. இரவில் எரிகிற விளக்குக்குப் பகலில் எதற்குத் திரை என்பார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். விளக்கைச் சுற்றியிருக்கும் கண்ணாடி அந்த மாதிரி. ஒரு சின்ன வெளிச்சத்தைக் கூட்டிச் சேர்த்து இருபது மைலுக்கு அப்பால் அனுப்புகிற அதே கண்ணாடி, பகலில் சூரியனையும் கூட்டிச் சேர்த்து உள்ளே இறக்கிவிடும். விளக்கு கருகிப் போகும். அதனால் விடிந்ததும் திரையை இழுத்துவிட வேண்டும்.

அளவுக்காக விளக்குக்காரர் தீவிலிருந்து பழைய திரை ஒன்றைப் படகில் கொடுத்தனுப்பியிருந்தார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நானே வந்து மாட்டுவேன். மாட்டிட்டு மேலேருந்து கொஞ்ச நேரம் கடலப் பாக்கணும்." பறவைகள் முட்டையிடும் மாதங்களில் அந்தத் தீவுக்கு வேறு யாரையும் விடுவதில்லை. கடல் ஓரத்திலேயே இருபது வருடம் இருந்தும் அம்மா பார்த்ததெல்லாம் தையல் மெஷினுக்கு எதிரே இருக்கும் சுவரைத்தான். மாடியில் துணி உலர்த்தும்போது, இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு விரல் அகலத்துக்குக் கடல் தெரியும். அவ்வளவுதான்.

நாங்கள் போன காலையில் மேகமே இல்லை. படகை விட்டு இறங்கியதும் தலைக்கு மேலே நூற்றுக்கணக்கான ஆலாப் பறவைகள் கத்தின. பாதையின் இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் வெறும் கூழாங்கல் என்றுதான் நினைத்தேன். உற்றுப் பார்த்தால் பாதிக்குமேல் முட்டைகள். அம்மா மூச்சுக்கூட மெல்லமாக விட்டுக்கொண்டு நடந்தாள்.

நூற்று ஐம்பத்திரண்டு படிகள். உச்சியில் அந்தக் கண்ணாடி நின்றது, ஆளைவிட உயரமாக. வட்டத்துக்குள் வட்டமாகப் பட்டைகள். எங்கள் கொள்ளுத் தாத்தாவுக்குத் தாத்தா பிறப்பதற்கு முன்பே வந்ததாம், ஒரு கீறல் இல்லை. கரைப் பக்கம் தகரம் அடைத்திருந்தது. கடல் பக்கம் மூன்று பெரிய ஜன்னல்கள். வெளியே சுற்றி வரும் நடைமேடைக்குக் கதவு தாழிட்டிருந்தது. அங்கே ஒரு கடற்காகம் முட்டை வைத்திருந்ததாம்.

மூன்று திரைகளையும் மாட்டி இழுத்தோம். மூன்றும் கீழே ஆறு விரல் குட்டை.

அந்த இடைவெளியில் காலை வெயில் சாய்ந்து வந்து கண்ணாடியின் அடிப் பட்டையில் விழுந்தது. பீடத்துப் பலகையில் கடுகளவு வெளிச்சம் ஒன்று உட்கார்ந்தது. உடனே வார்னிஷ் தீயும் வாசனை. விளக்குக்காரர் தன் துண்டை எறிந்து அதை மறைத்தார்.

"தப்பு என்னோடதுதான் தங்கச்சி," என்றார். "பதினஞ்சு வருஷ அழுக்கு. அப்படியே எப்படிக் குடுக்கறதுன்னு கொதிக்கிற தண்ணியில ஊறப்போட்டு அலசி அனுப்பினேன். அதுல சுருங்கிடுச்சு போல."

"சுத்தம் சோறு போடும்பாங்க. உங்க சுத்தம் என் சோத்துல மண்ணப் போட்டுடுச்சே அண்ணா."

"கீழே கோணிய மடிச்சு வெச்சுக்கறேன். யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே," என்றாள் அம்மா.

அவள் எந்தத் துணியிலும் ஒரு சாண் உள்மடிப்பு விடுவாள். வளரும் பிள்ளைகளுக்குத் தைத்துத் தைத்து வந்த பழக்கம். மடிப்பைப் புரட்டிக் காட்டியதும் விளக்குக்காரர் சிரித்துவிட்டார். "விளக்கு வளரும்னு நினைச்சீங்களா?"

"யாரு கண்டா," என்று அம்மா குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு முதல் திரையைக் கழற்றினாள். அதுவரை வெயிலை மறைக்க, திரைகளை மூட்டை கட்டி வந்த போர்வையை என்னிடம் நீட்டினாள். "முதுகுல விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் நில்லு."

படகு பத்தரைக்குத் திரும்பிவிடும். நீர் வடிந்தால் பாறை தட்டும். மூன்று திரையும் தைத்து முடிக்கவே கிட்டத்தட்டப் பத்தரை ஆகிவிடும். அம்மாவுக்கும் அது தெரியும். அவள் ஜன்னல் பக்கம் திரும்பாமலே தையலைப் பிரித்தாள்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருடம் ஆகியும் அம்மா என்னிடம் கொக்கியும் பித்தானும்தான் தருவாள். ஓரம் தைக்க விட்டதில்லை.

"நான் தைக்கறேன்," என்றேன்.

"என்ன?"

"நீ போய் மறைச்சு நில்லு. நான் தைக்கறேன்மா."

அம்மா உதட்டிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். என் கையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். "கோணிச்சுன்னா படகுல ஏத்த மாட்டேன்," என்று ஊசியைக் கொடுத்துவிட்டுப் போர்வையை வாங்கிக்கொண்டாள். விளக்குக்காரர் மற்ற இரண்டு இடைவெளியிலும் கோணியை அடைத்துவிட்டுச் சாமான் இறக்கக் கீழே போனார்.

அவள் போர்வையை முதுகில் விரித்துக்கொண்டு ஜன்னலை ஒட்டி நின்றாள். பிறகு, "ஏய், இது இவ்வளவு பெருசா," என்றாள். எனக்கு அவள் முதுகும் விரித்த போர்வையும்தான் தெரிந்தன.

"ஆலாங்க தலைகீழா விழுதுங்க. மெஷின் ஊசி மாதிரி. குத்தி எடுத்தா வாயில மீனு."

"ம்."

"கீழ பாறையில நாலு நீர்க்காகம் என்ன மாதிரியே றெக்கைய விரிச்சு நிக்குதுங்க. அதுங்க எந்தக் கண்ணாடிக்குக் காவலோ."

நான் சிரித்ததில் ஊசி விரலில் ஏறியது. ரத்தம் துணியில் படாமல் சப்பிக்கொண்டேன்.

"இங்க ஒருத்தி முட்டை மேல உக்காந்துகிட்டு ஒத்தக் கண்ணால முறைக்கறா. நான் ஒண்ணும் உன் வீட்டுக்கு வரலடி."

முதல் திரையை மாட்டிவிட்டு இரண்டாவதைக் கழற்றினேன். அம்மா அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்தாள். கல் என்று நினைத்தது தலை தூக்கி மூச்சுவிட்டதாம், ஆமை. மூன்றாவது ஜன்னலில் அவள் குரலே மாறிவிட்டது.

"அஞ்சு. இல்ல, ஆறு. டால்பின். முதுகு மட்டும் வந்து வந்து போகுது. குட்டி ஒண்ணு ஆத்தாவ ஒட்டியே வருது, விடவே மாட்டேங்குது."

நாள் முழுக்கக் குண்டூசிகளுக்கு இடையே 'ம்' மட்டும் சொல்கிறவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவளுக்குக் கை வலித்திருக்கும். போர்வை மட்டும் இறங்கவில்லை.

கடைசி முடிச்சைப் போட்டு நூலைக் கடித்தேன். படகுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

"முடிஞ்சுதாடி?" என்றாள், திரும்பாமல்.

"இன்னும் ஒரு ஓரம் இருக்கும்மா."

"மெதுவாவே தை."

ஊசியில் நூலைக் கோத்து, தைத்து முடித்த ஓரத்தின் மேலேயே மறுபடியும் தைக்க ஆரம்பித்தேன்.