கரப்பான்பூச்சிக்கு அரசாங்கப் பணம்

அரசாங்கப் பணத்தில் நான் கரப்பான்பூச்சி வளர்க்கிறேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். ஓடு போட்ட அந்த உடம்பு, இரண்டு நாணயம் அடுக்கிய உயரமே உள்ள இடுக்கில் எப்படி நசுங்காமல் நுழைகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. என் மாமியாருக்கு அது ஆராய்ச்சியே இல்லை. "செருப்பால அடிக்கிறதுக்கு எதுக்கும்மா டாக்டர் பட்டம்?" என்பார்.

அன்று நிதிக்குழு வருகிறது. பூச்சி இடுக்கில் நுழைவதை நேரில் பார்த்தால்தான் அடுத்த தவணைப் பணம். இல்லையென்றால் ஆய்வகத்துக்குப் பூட்டு, நான் வீட்டுக்கு. காலையில் கதவைத் திறந்ததுமே மருந்து வாடை குப்பென்று அடித்தது. தொட்டிகளில் அத்தனை பூச்சிகளும் மல்லாந்து கிடந்தன. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு, எனக்கு இவை.

நிர்வாக மேலாளர் பல்லெல்லாம் தெரிய நின்றார். "பெரியவங்க வர்ற நேரத்துல எங்க பாத்தாலும் கரப்பான்பூச்சிங்க மேடம். நேத்தே ஆள் வெச்சு மருந்தடிச்சுட்டேன்."

"அடப்பாவி மனுஷா! அதுங்களுக்காகத்தான்யா பணமே வருது!"

அழ நேரமில்லை. வீட்டுக்குப் போன் போட்டேன். "அத்தை, சமையல்கட்டுல ஒரு கரப்பான்பூச்சி புடிச்சு எடுத்துட்டு வாங்க. உயிரோட."

"நாலு பேர் முன்னாடி என் மானத்த வாங்கப் பாக்குறியா? நம்ம வீட்டுல ஏது பூச்சி?"

"என் வேலையே போயிடும் அத்தை."

சமையல்கட்டில் டப்பாக்களை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு, "வர்றேன், வை" என்றார்.

குழு வந்து உட்கார்ந்த பிறகு, மாமியார் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கையில் காபி டப்பா. "இது பக்கத்து வீட்டுப் பூச்சி" என்று யாரும் கேட்காமலே எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார்.

குழுத் தலைவர் கொட்டாவி விட்டார். "இதனால நாட்டுக்கு என்னம்மா பிரயோஜனம்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பதற்றத்தில் டப்பாவையும் திறந்துவிட்டேன். நான் பார்த்துப் பார்த்துச் செய்த கண்ணாடி இடுக்கை அந்தச் சனியன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேசை முழுக்க ஓடி, தலைவரின் பூட்டிய தோல்பெட்டி ஓரத்தில் ஒரு நொடி நின்றது. உடம்பைத் தட்டையாக்கி மூடிக்கடியில் மறைந்தது. தொலைந்தது பணம் என்று நினைத்தேன்.

தலைவர் நாற்காலி மேல் ஏறி நின்று அலறினார். "பூட்டித்தானே வெச்சிருந்தேன்! ஒரு காகிதம் நுழையாதே, எப்படிம்மா உள்ள போச்சு?"

"அதத் தெரிஞ்சுக்கத்தான் சார் பணம் கேக்குறேன்."