கூடத்துக் கடல்

வாடகைக்கு ஐஸ் பெட்டி கொண்டுவந்த ரங்கையா அதன் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு கூடம் முழுக்க பிளக் தேடினார். பெரிய பிளக் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மீன் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில். அதில் ஏற்கெனவே தொட்டியின் மோட்டாரும் விளக்கும் மாட்டியிருந்தன.

"அத்தெ புடுங்கிட்டு இத்தெ சொருவுய்யா" என்று கோவர்த்தனன் தானே கையை நீட்டினார்.

"அதுல கைய வெக்காதே கோவர்த்தனா."

காலையிலிருந்து அம்சவேணி பேசிய முதல் பேச்சு அது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கோவர்த்தனனின் கை அந்தரத்தில் நின்றது. செத்துப்போனவரின் தம்பி அவர். சேதி கேட்ட கையோடு நாகலாபுரத்திலிருந்து வேட்டியில் சேற்றுக் கறையோடு ஓடி வந்திருந்தார்.

"சமையல்கட்டுல கிரைண்டர் பிளக்கு கீது. அங்கேர்ந்து இழுத்துக்கோங்க" என்றாள் அம்சவேணி.

ரங்கையா எக்ஸ்டென்ஷன் ஒயரைப் பிரித்தார். பெட்டி ஓடத் தொடங்கியது. கண்ணாடி மூடிக்குக் கீழே முனிரத்தினம் படுத்திருந்தார். தாடைக்குக் கட்டியிருந்த வெள்ளைத் துணி, பல்வலிக்காரன் போன்ற ஒரு தோற்றத்தை அவருக்குக் கொடுத்திருந்தது.

"அம்மா, மூத மட்டும் தெறக்காதீங்க" என்று மூடியைத் தட்டிக் காட்டினார் ரங்கையா. "கரெண்டு போனாலும் ரெண்டு கண்டலு, ரெண்டு மணி நேரம் தாங்கும். தொறந்தா போச்சு."

சுனில் வரும்வரை வைத்திருக்க வேண்டும். மகன் அமெரிக்காவில், டாலஸில். செய்தி கேட்டதும் டிக்கெட் போட்டுவிட்டான். நாளை சாயங்காலம் ஆகிவிடும்.

பின்கட்டிலிருந்து வினிகர் வாசனை இன்னும் வந்துகொண்டிருந்தது. அங்கேதான் நடந்தது. முனிரத்தினம் தொட்டியின் பெரிய மோட்டாரைக் கழற்றி வினிகர் பக்கெட்டில் ஊறப்போட்டு, குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து பல்துலக்கும் பிரஷ்ஷால் உப்புக் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்சவேணி காபியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள். அவர் சுவரில் சாய்ந்திருந்தார். அவள் குழாயடிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது காபியின்மேல் ஆடை படர்ந்திருந்தது. "ஆறிப்போவுது, குடிக்கறதுக்கு இன்னா?" என்று கடிந்துகொண்டாள். இன்னும் ஏதேதோ சொன்னாள். பால்காரனைப் பற்றிச் சொன்னாள். அப்புறம்தான் அவர் கையிலிருந்த பிரஷ் கீழே கிடப்பதைப் பார்த்தாள்.

காபி வைத்தபோது அவர் இருந்தாரா, இல்லையா? அந்தக் கேள்வி காலையிலிருந்து அவள் காதோரம் கொசுவைப்போலச் சுற்றிக்கொண்டிருந்தது.

இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலேயே முக்கால்வாசிக் காலம் அவரோடு வாழ்ந்திருந்தாள் அவள். சுனில் தவழத் தொடங்கிய வருஷம் மஸ்கட்டுக்குப் போனார். ஊரில் பாதி ஆண்கள் அப்போது அப்படித்தான் போனார்கள். ஒரு ஹோட்டலில் ஏசி மெக்கானிக். அப்புறம் அங்கே வாசல் கூடத்தில் இருந்த பெரிய கடல் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இவளுக்கு அவர் என்பது டெலிபோனில் வரும் இரைச்சலும் அதற்குள் புதைந்திருக்கும் ஒரு குரலும்தான். லீவில் வந்தால் விருந்தாளி மாதிரி செருப்பை ஓரமாக விட்டுவிட்டு எங்கே உட்காருவதென்று யோசிப்பார். ஒரேயடியாகத் திரும்பி வந்து திருப்பதியில் இந்த வீட்டைக் கட்டியபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை. கூடத்தில் கண்ணாடித் தொட்டி வந்து, உப்புக் கரைத்த தண்ணீர் நிறைந்து, பாறையும் பவளமும் மீனும் குடியேறிய பிறகுதான் அவரும் குடியேறினார்.

மோட்டாருக்குத்தான் ரொம்பத் தொல்லைப்பட்டார். முதலில் பக்கத்துக் கடையில் வாங்கியது ஓஸ்பைப் மாதிரி ஒரே இடத்தில் பீய்ச்சியடித்தது. மணல் பள்ளமானது. மெத்தென்ற பவளம் ஒன்று தோல் உரிந்து, எலும்பு தெரிந்து செத்தது. அடுத்து வாங்கியது சாது. பாறைக்குப் பின்னால் அழுக்கு தேங்கி, தண்ணீர் நாற ஆரம்பித்தது. "கடல்ல தண்ணி ஒரு நிமிஷம் நிக்காது வேணி. ஆனா ஒரே பக்கமாவும் போவாது. போவும், வரும்" என்று கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டுவார்.

கடைசியில் மெட்ராஸுக்கு, கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போனார்கள். அவளையும் கூப்பிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் மட்டும் பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. கடைக்காரர் தொட்டியின் நீளம் கேட்டார், என்னென்ன பவளம் என்று கேட்டார், நாலைந்து மோட்டார்களைத் தண்ணீரில் ஓடவிட்டார். முனிரத்தினம் ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நீ கைய வெச்சி சொல்லு. எது வேணும்?"

அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கையை விட்டாள். "இது அடிக்குது" என்றாள். அடுத்ததில் வைத்து, "இது தள்ளுது" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். தள்ளுவதை வாங்கினார். கூடவே, எதிர்ப்பக்கம் வைக்கக் கொஞ்சம் வேகமான ஒன்றையும் தன் விருப்பத்துக்கு வாங்கினார். வீட்டுக்கு வந்து இரண்டையும் இரண்டு மூலையில் மாட்டி, ஒன்று ஓடும்போது மற்றது ஓயும்படி செய்தார். தண்ணீர் போனது, வந்தது. பவளங்கள் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் சாய்ந்தன. இராத்திரியில் அந்தச் சத்தம் படுக்கையறை வரைக்கும் மூச்சு மாதிரி கேட்கும். ஆரம்பத்தில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு அது இல்லாமல் தூக்கம் வரவில்லை.

இப்போது வேகமானது பின்கட்டில் கழன்று கிடந்தது. அவள் தேர்ந்தெடுத்தது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சற்று ஓடும், ஓயும், மறுபடி ஓடும். ஓயும்போதெல்லாம் அவள் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

பொழுது சாய்ந்தது. யாரும் இன்னும் விளக்கு போடவில்லை. அப்போது 'டக்'கென்று ஒரு சத்தம். கூடம் முழுக்க நீல வெளிச்சம் பரவியது.

ஒரு பெண் வீரிட்டாள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அவர் டைமர் வைத்திருந்த விளக்கு அது. தினமும் அந்த நேரத்துக்குத் தானாக வரும். அம்சவேணிக்கு அது தெரியும். தெரிந்தும் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தண்ணீரின் அலை, வெளிச்சமாக மாறி, கூரையிலும் சுவரிலும் ஐஸ் பெட்டியின் கண்ணாடியிலும் நெளிந்தது. அதற்குக் கீழே அவர் முகத்தின்மேல் நெளிந்தது. மூடிய இமைகள் துடித்தன. கன்னம் அசைந்தது. மார்புத் துணி மேலே வந்து கீழே போனது.

"ஐயோ, மூச்சு வுடறாரும்மா!"

"தண்ணி வெளிச்சம்மா அது. கத்தாதீங்க" என்றார் கோவர்த்தனன்.

அம்சவேணி எழுந்துபோய் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கண்ணாடியில் கை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. அவர் உதடு அசைந்தது, நின்றது, அசைந்தது. காபி வைக்கும்போது இப்படித்தான் ஏதாவது சொல்ல வந்தாரோ? அவள்தான் பார்க்காமல் போனாளோ? விளக்கு தானாக அணையும்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில் கரெண்டு போனது.

ஐஸ் பெட்டி ஒரு உறுமலோடு நின்றது. தொட்டியின் மோட்டாரும் மின்விசிறியும் மட்டும் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தன. கோவர்த்தனன் கரெண்டு ஆபீசுக்குப் போன் போட்டுப் பார்த்தார். எப்போது வருமென்று யாருக்கும் தெரியவில்லை. அவர் நேராக ஐஸ் பெட்டி ஒயரை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் வந்தார்.

"பெட்டிய இதுல போட்டுடலாம் அண்ணி. மீனுங்கள அப்புறம் பாத்துக்கலாம்."

"அந்த பேட்டரி பழசு, பெட்டிய இழுக்காது. மூடிய தொறக்காம இருந்தா ரெண்டு மணி நேரம் தாங்கும்னு அந்தாளு சொன்னாரு இல்ல? இதுங்க இந்த வெயில்ல தாங்காது."

"செத்தாப் போவுது! மீனுதானே?"

"ஊட்ல ஒரு சாவு போதும்."

கோவர்த்தனனின் முகம் மாறியது. உறவுக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க நைனா செத்தப்போ ஐஸ் கட்டி வாங்கியாந்து மரத்தூள்ல போட்டு, மூணு நாளு வெச்சிக்கினு இருந்தேன் அண்ணி. அண்ணன் வந்துடுவாரு வந்துடுவாருன்னு. ஐஸ் கரைஞ்சி தண்ணி தெரு வரைக்கும் ஓடிச்சி."

"அவரால வர முடியல கோவர்த்தனா. பாஸ்போர்ட்டு—"

"தெரியும். அரபி குடுக்கல. தெரியும். ஆனா அந்த மூஞ்சிய பாத்தவன் நானு. கொள்ளி வெக்கும்போது அது எங்க நைனா மூஞ்சியாவே இல்ல. இன்னிக்கும் கண்ண மூடுனா அதான் வருது." அவர் பெட்டியைப் பார்த்தார். "சுனிலு அப்படி ஒரு மூஞ்சிய பாக்கக் கூடாது."

அவள் பெட்டிக்குள் இருந்த முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் அவர் தொட்டியின் ஒயர்களெல்லாம் மாட்டியிருந்த பிளக் பலகையைப் பிடுங்கிவிட்டு ஐஸ் பெட்டியைச் செருகினார். பெட்டி ஒரு தடவை அதிர்ந்தது. இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தியது. பிறகு எல்லாமே நின்றது. மின்விசிறியும் நின்றது.

அந்த வீடு கட்டியதிலிருந்து கூடத்தில் அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை. அம்சவேணி தன் காது அடைத்துவிட்டதாகவே நினைத்தாள். வேறு யாரோ இன்னொரு தடவை செத்துப்போனதுபோல இருந்தது. தொட்டிக்குள் பவளங்கள் நிமிர்ந்து அசையாமல் நின்றன. சற்று நேரத்தில் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

அவள் பாத்ரூமிலிருந்து பிளாஸ்டிக் சொம்பைக் கழுவி எடுத்து வந்தாள். ஸ்டூலில் ஏறி, தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு, உயரத்திலிருந்து ஊற்றினாள். மறுபடி மொண்டாள். சளசளவென்ற சத்தம் பிணத்துக்குப் பக்கத்தில் விழுந்துகொண்டே இருந்தது.

"புத்தி பேதலிச்சிடுச்சிடீ" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். இன்னொருத்தி வந்து அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். அவள் கீழே இறங்கவில்லை.

கோவர்த்தனன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி வெயிலில் நடந்தார்.

அவர் ஷாமியானா கடையிலிருந்து ஜெனரேட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தபோது அவள் இன்னும் மொண்டுகொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் உப்பு காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. தெருவில் ஜெனரேட்டர் இரைந்தது. பெட்டியில் பச்சை விளக்கு வந்தது. கோவர்த்தனன் குனிந்து அண்ணனின் முகத்தை உற்றுப் பார்த்தார். நிமிர்ந்தார். தொட்டியின் பலகையையும் செருகினார். அவள் கையிலிருந்த சொம்பை வாங்கிக் கீழே வைத்தார்.

"பின்னாடி பக்கெட்டுல ஒண்ணு கழட்டிக் கெடக்குதே, அதுவும் வேணுமா?"

அவள் தலையாட்டினாள். அவர் பக்கெட்டைத் தூக்கி வந்தார். அம்சவேணி பாகங்களை நல்ல தண்ணீரில் அலசினாள். மெல்லிய தண்டை ஒடியாமல் நுழைத்து, காற்றாடியைக் கோத்து, மூடியைத் திருகினாள். முனிரத்தினம் செய்வதைக் கதவோரம் நின்று பார்த்ததோடு சரி. ஆனாலும் கைக்குத் தெரிந்திருந்தது.

கோவர்த்தனன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு மோட்டாரைத் தண்ணீருக்குள் இறக்கினார்.

"இத்தெ எந்தப் பக்கம் பாத்து வெக்கணும் அண்ணி?"

"பவளத்த பாத்து வெக்காதே. எதிர்க் கண்ணாடிய பாத்து வையி. தண்ணி அதுல மோதித் திரும்பணும்."

அவர் மெல்லத் திருப்பினார். "இப்படியா?"

"இன்னும் கொஞ்சம். ம்... போதும்."

சாயங்காலம் சுனில் வந்தான். பையைத் தோளிலிருந்து இறக்காமலே பெட்டியின் முன் உட்கார்ந்தான். ரங்கையா மூடியைத் தூக்கினார். அவன் அப்பாவின் கன்னத்தைத் தொட்டான்.

"தூங்கற மாதிரியே கீறாரும்மா."

"நல்லா பாத்துக்கோடா" என்றார் கோவர்த்தனன். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது.

"நைனா கடைசியா இன்னாம்மா பேசனாரு?"

அம்சவேணி மகனைப் பார்த்தாள். பிறகு திறந்த பெட்டியைப் பார்த்தாள்.

"காபி ஆறட்டும், அப்படியே வெச்சிட்டுப் போன்னாரு."

அவன் தலையாட்டிக்கொண்டே அழுதான்.

மறுநாள் காலையில் எடுத்துவிட்டார்கள். பறைச் சத்தம் தெருமுனை திரும்பி மெதுவாகத் தேய்ந்தது. பெண்கள் கூடத்தைக் கழுவிவிட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி அழைத்து வந்து அவளைத் தனியாக உட்காரவைத்துவிட்டு, ஈரத் துணிகளை உலர்த்த மொட்டைமாடிக்குப் போனார்கள். பெட்டி இருந்த இடத்தில் தரை நீள்சதுரமாக ஈரம் காயாமல் இருந்தது.

தொட்டிக்குள் ஆரஞ்சு நிற மீன்கள் இரண்டும் முன் கண்ணாடிக்கு வந்து மேலும் கீழும் நீந்தின. வெறும் கண்ணாடியை முட்டின. போயின, வந்தன. அடுப்பு பற்றவைக்காத வீடு. அவற்றுக்கு யார் சொல்வது?

அவள் எழுந்து, தொட்டிக்குக் கீழே இருந்த டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் தூவினாள். மீன்கள் பாய்ந்து கவ்வின. மிஞ்சியது ஒரு பக்கமாக அடித்துக்கொண்டு போய், கண்ணாடியில் மோதி, திரும்பி வந்தது. பாறைமேல் இருந்த பவளம் ஒன்று ஒரு துணுக்கைப் பிடித்தது. பிறகு தன் சின்ன விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே மடக்கிக்கொண்டது.